மைனஸ் 10 டிகிரிக் காற்றிலிருந்து வீட்டுக்கு வெப்பம் வருவது எப்படி?

நார்வேயில் இருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: "ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் பழைய வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். சுவரில் ஏசி மாதிரி ஒன்று, வெளியே ஃபேனோடு ஒரு பெட்டி. ஹீட் பம்ப் என்கிறார்கள். வெளியே மைனஸ் 10 இருக்கும்போது அந்தக் குளிர்காற்றிலிருந்தே வெப்பம் எடுக்குமாம், 1 யூனிட் மின்சாரத்துக்கு 3 யூனிட் வெப்பம் தருமாம். இதை நம்பலாமா? நடுநடுவே வெளிப்பெட்டி நின்றுபோய் அதிலிருந்து புகை மாதிரி கிளம்புகிறது. பழுதா?"

நம்பலாம் தம்பி. புகையும் அநேகமாகப் பழுது இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் கோயம்புத்தூரில் ஏசி, குளிர்பதன வேலை பார்த்தவன் நான். இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பம்ப் என்ற சொல்லையே முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். கிணற்று மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை. கீழே கிடக்கும் தண்ணீரை மேலே ஏற்றுகிறது, அவ்வளவுதான். மோட்டார் தின்னும் மின்சாரம் தண்ணீராக மாறுவதில்லை, ஏற்றும் கூலியாகத்தான் போகிறது. ஹீட் பம்பும் அப்படித்தான். வெளியே தாழ்ந்த வெப்பநிலையில் கிடக்கும் வெப்பத்தை எடுத்து, வீட்டுக்குள் இருக்கும் உயர்ந்த வெப்பநிலைக்கு ஏற்றிவிடுகிறது. சாதாரண ஹீட்டர் மின்சாரத்தையே வெப்பமாக மாற்றுகிறது, அதனால் 1 யூனிட்டுக்கு 1 யூனிட்டுக்கு மேல் அதனால் தர முடியாது. ஹீட் பம்ப் கூலி கொடுத்து வெளியிலிருந்து வெப்பத்தைக் கொண்டுவருகிறது. 1 யூனிட் கூலிக்கு 2 யூனிட் வெளியிலிருந்து வந்தால், அந்தக் கூலியும் கடைசியில் வெப்பமாகவே வீட்டுக்குள் சேர்ந்துவிடுவதால், மொத்தம் 3.

கிணறு ஆழமானால் மோட்டார் அதிகம் இழுக்கும் அல்லவா? இங்கே ஆழம் என்பது வெளிக்குளிருக்கும் வீட்டு வெப்பத்துக்கும் நடுவே உள்ள வித்தியாசம். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் ஹீட் பம்ப் பற்றிய பாதிச் சந்தேகங்களுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

சரி, மைனஸ் 10 டிகிரியில் வெப்பம் எங்கே இருக்கிறது? நமக்குத்தான் அது குளிர். பொருளிலிருந்து இனி வெப்பமே எடுக்க முடியாது என்கிற நிலை மைனஸ் 273 டிகிரிக்குப் பக்கத்தில் வருகிறது. அங்கிருந்து எண்ணினால் உங்கள் மைனஸ் 10 இன்னும் 263 படி மேலே நிற்கிறது. அந்தக் காற்றில் வெப்பம் ஏராளமாக இருக்கிறது. சிக்கல் ஒன்றுதான்: வெப்பம் தானாக மேட்டை நோக்கிப் போகாது, தன்னைவிடக் குளிர்ந்த பொருளுக்குத்தான் போகும். ஆகவே மைனஸ் 10 காற்றிலிருந்து வெப்பத்தை வாங்க வேண்டுமென்றால் மைனஸ் 20இல் இருக்கும் ஒரு பொருளை அதன் முன்னால் நீட்ட வேண்டும்.

அந்தப் பொருளைத்தான் நாங்கள் 'கேஸ்' என்கிறோம். பாதி நேரம் திரவமாகத்தான் இருக்கும், ஆனாலும் தொழிலில் அதற்குப் பேர் கேஸ்தான். இப்போது வீட்டு இயந்திரங்களில் அதிகம் வருவது ஆர்-32. திறந்து வைத்தால் இது மைனஸ் 52 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். கொதிப்பது என்றால் சூடு என்றுதான் நமக்குப் பழக்கம். இங்கே அதை மாற்றிக்கொள்ள வேண்டும். எந்தத் திரவமும் ஆவியாவதற்குச் சுற்றியிருப்பதிடமிருந்து வெப்பத்தைப் பிடுங்கும்.

இதைப் பார்க்க இயந்திரமே வேண்டாம். கல்யாண சமையல் நடக்கும் இடத்தில் பெரிய அடுப்புக்கு இணைத்த சிலிண்டரைப் பாருங்கள். விடாமல் எரிந்துகொண்டிருந்தால் சிலிண்டரின் அடிப்பாகம் வியர்த்து நனைந்திருக்கும், சில நேரம் வெள்ளையாகப் பனியே படிந்துவிடும். கேஸ் சரியாக வரவில்லை என்று சமையல்காரர்கள் சிலிண்டரைத் தண்ணீர் உள்ள அண்டாவில் இறக்கி வைப்பதுண்டு. உள்ளே திரவமாக இருக்கும் எரிவாயு கொதித்து ஆவியாகிறது, அதற்கு வேண்டிய வெப்பத்தை இரும்பிலிருந்தும் வெளிக்காற்றிலிருந்தும் இழுக்கிறது. அதனால்தான் அந்தப் பனி. ஹீட் பம்பின் வெளிப்பெட்டியில் நடப்பது அப்படியே இதுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சமையல் எரிவாயு புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. அதே புரோப்பேனைச் சுத்தப்படுத்தி, ஆர்-290 என்ற பெயரில் ஐரோப்பாவில் இப்போது நிறைய ஹீட் பம்புகளில் நிரப்புகிறார்கள்.

சிலிண்டரில் ஆவியானது எரிந்து போய்விடுகிறது. ஹீட் பம்பில் அதை வீணாக்காமல் திரும்பத் திரவமாக்க வேண்டும். அதையும் வீட்டுக்குள் வைத்துத் திரவமாக்க வேண்டும், அப்போதுதான் வெளியே வாங்கிய வெப்பத்தை உள்ளே கக்கும். ஆனால் வீடு 21 டிகிரியில் இருக்கிறதே? இங்கேதான் அழுத்தம் உதவுகிறது. கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் ஊட்டியில் 93 டிகிரிக்குள் கொதித்துவிடும், குக்கருக்குள் 120 வரை ஏறும். அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும், குறைந்தால் குறையும். ஆவி திரும்பத் திரவமாகிற வெப்பநிலையும் அதேதான். எனவே ஒரே கேஸை வெளியே குறைந்த அழுத்தத்தில் வைத்துக் குளிரில் கொதிக்கவிடலாம், உள்ளே உயர்ந்த அழுத்தத்தில் வைத்துச் சூட்டில் திரவமாக்கலாம். ஹீட் பம்பின் தத்துவம் முழுக்க இந்த ஒரு வரிதான். மீதியெல்லாம் குழாயும் மோட்டாரும்.

உங்கள் வீட்டு இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம், ஆர்-32 என்று வைத்துக்கொண்டு. வெளியே மைனஸ் 10. வெளிப்பெட்டியில் வளைந்து வளைந்து ஓடும் குழாயைக் காயில் என்போம், அதற்குள் அழுத்தம் சுமார் 4 பார், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல நாலு மடங்கு. அந்த அழுத்தத்தில் ஆர்-32 மைனஸ் 20இல் கொதிக்கும். மைனஸ் 10 காற்று அதற்கு 'அடுப்பு'. ஃபேன் அந்தக் காற்றை இழுத்துத் தள்ள, கேஸ் கொதித்து ஆவியாகி வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. இந்தக் காயிலுக்குப் பெயர் எவாப்பரேட்டர். அடுத்து கம்ப்ரஸர் அந்த ஆவியை உறிஞ்சி 25 பார் அளவுக்கு அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் அது 40 டிகிரியில் திரவமாகும். உள்பெட்டியின் காயிலில் 21 டிகிரி அறைக்காற்று பட்டதும் கேஸ் வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. இப்போது அந்தக் காயில் கண்டன்சர். பிறகு திரவம் ஒரு குறுகிய வாசல் வழியாக அழுத்தம் இறங்கி, மறுபடி மைனஸ் 20க்கு வந்து, வெளிக்காயிலுக்குப் போகிறது. சுற்று முடிந்தது.

கம்ப்ரஸர் அழுத்துவதால் கேஸ் சூடாகிறது, சைக்கிள் பம்ப் சூடாகிற மாதிரி, அந்தச் சூடுதான் வீட்டுக்கு வருகிறது என்று பல பேர் எழுதுவார்கள். அது கால் உண்மை. கம்ப்ரஸரை விட்டு வரும் ஆவி 80, 90 டிகிரி வரைகூடப் போகும், அந்தச் சூடும் வீட்டுக்குத்தான் வருகிறது. ஆனால் வெப்பத்தின் பெரும்பகுதி, ஆவி திரவமாக மாறும்போது 40 டிகிரியிலேயே நின்று கொடுப்பது. கம்ப்ரஸரின் முக்கிய வேலை சூடாக்குவது இல்லை. ஆவியை வீட்டுக்குள் திரவமாக முடிகிற உயரத்துக்கு ஏற்றிவிடுவதுதான் அதன் வேலை.

இந்த உறுப்புகளில் உயிர் கம்ப்ரஸர்தான். விலையிலும் அதுதான் பெரிது. சின்ன வீட்டு இயந்திரங்களில் ரோட்டரி வகை வரும். வட்ட அறைக்குள் உருளை ஒன்று மையம் தள்ளிச் சுற்றும். கொஞ்சம் பெரியவற்றில் ஸ்க்ரோல்: ஒன்றுக்குள் ஒன்று பொருந்திய இரண்டு சுருள்களில் ஒன்று அசையாமல் நிற்கும், மற்றது அதற்குள் வட்டமிட்டு ஆவியை ஓரத்திலிருந்து நடுவுக்கு நெருக்கிக்கொண்டே போகும். பழைய பிஸ்டன் வகையைவிட அதிர்வும் சத்தமும் குறைவு. இன்வெர்ட்டர் என்று சொல்வது இந்த மோட்டாரின் வேகத்தைத் தேவைக்குத் தக்கபடி கூட்டிக் குறைக்கும் மின்னணுப் பலகையைத்தான். முழு வேகத்தில் ஓடி நின்று, ஓடி நின்று என்பதைவிட, மெதுவாக விடாமல் ஓடுவது நல்லது. காயில் அளவு மாறாமல் கேஸ் ஓட்டம் மட்டும் குறையும்போது, காயிலுக்கும் காற்றுக்கும் இடையே வித்தியாசம் குறைகிறது, கிணற்றின் ஆழமும் குறைகிறது.

கம்ப்ரஸருக்கு ஆகாதது ஒன்று உண்டு: திரவம். ஆவியை அழுத்தலாம், திரவத்தை அழுத்த முடியாது. உள்ளே போனால் பாகங்கள் உடையும். அதனால் அதன் வாசலில் அக்யுமுலேட்டர் என்ற சின்ன உருளை ஒன்று இருக்கும். ஆவியாகாமல் தப்பி வந்த திரவத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். கடும் குளிரில் நின்றிருக்கும் கம்ப்ரஸரின் எண்ணெய்க்குள் கேஸ் கரைந்து தேங்கிவிடும் என்பதால், அடியில் ஒரு சின்ன ஹீட்டரும் வைத்திருப்பார்கள். உங்கள் ஊரில் பனிக்காலத்தில் இயந்திரத்தின் மெயின் சுவிட்சை அணைத்துப் போடக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

குறுகிய வாசல் என்றேனே, அதுதான் எக்ஸ்பான்ஷன் வால்வு. ஃப்ரிட்ஜில் இந்த வேலையை மயிரிழை போன்ற கேப்பிலரிக் குழாய் செய்கிறது. அதற்குக் கூட்டவோ குறைக்கவோ தெரியாது. ஹீட் பம்புக்கு அது போதாது, ஏனென்றால் காலையில் மைனஸ் 15, மதியம் மைனஸ் 2 என்று வெளிநிலை மாறிக்கொண்டே இருக்கும். எனவே சின்ன ஸ்டெப்பர் மோட்டார் திறந்து மூடுகிற மின்னணு வால்வு வைக்கிறார்கள். எவாப்பரேட்டரை விட்டு வெளியேறும் ஆவி, அதன் கொதிநிலையைவிட ஐந்தாறு டிகிரி கூடுதலாக இருக்கும்படி அது திரவத்தை அளந்து விடும். அதை சூப்பர்ஹீட் என்போம். எல்லாத் திரவமும் ஆவியாகிவிட்டது, கம்ப்ரஸருக்கு ஆபத்தில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

ஏசிக்கும் ஹீட் பம்புக்கும் உண்மையில் வித்தியாசம் ஒரே ஒரு வால்வுதான், ஃபோர்வே வால்வு. நாலு குழாய் சேரும் பித்தளை உருளை. உள்ளே வழுக்கும் கட்டை இடப்பக்கம் இருந்தால் சூடான ஆவி வீட்டுக்குள் போகும், வலப்பக்கம் நகர்ந்தால் வெளியே போகும். கம்ப்ரஸர் ஒரே திசையில்தான் தள்ளிக்கொண்டிருக்கிறது. எந்தக் காயில் கண்டன்சர், எந்தக் காயில் எவாப்பரேட்டர் என்பதை மட்டும் இந்த வால்வு மாற்றி வைக்கிறது. நம் ஊர் ஏசியில் பெரும்பாலும் இது இருக்காது, தேவையும் இல்லை. டெல்லிப் பக்கம் 'ஹாட் அண்ட் கோல்ட்' என்று விற்கிற ஏசியில் இருக்கும். அந்த வகையில் நம் எல்லார் வீட்டிலும் ஹீட் பம்ப் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறது: ஃப்ரிட்ஜின் பின்புறமோ பக்கவாட்டோ சூடாக இருப்பது, உள்ளே வைத்த பாலிலிருந்தும் குழம்பிலிருந்தும் எடுத்த வெப்பமும் அதை ஏற்றிய கூலியும்தான்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. இந்த முறையால் கட்டடங்களைச் சூடாக்கலாம் என்று கெல்வின் பிரபு 1852இலேயே எழுதினார். ஆஸ்திரியாவில் பீட்டர் ரிட்டிங்கர் 1850களிலேயே எபன்ஸே உப்பாலையில், உப்புநீரைக் காய்ச்ச ஆவியை அழுத்தித் திரும்பப் பயன்படுத்திப் பார்த்தார். சூரிச் நகர மண்டபத்தில் 1938இல் லிம்மாட் ஆற்றுத் தண்ணீரிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்பை வைத்தார்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே டிராமன் ஊரில் கடலிலிருந்து சுமார் 8 டிகிரித் தண்ணீரை எடுத்து, அம்மோனியாவைக் கேஸாக வைத்து, ஊர் முழுக்கக் குழாயில் 90 டிகிரி வரை வெந்நீர் அனுப்புகிறார்கள். நேரம் கிடைத்தால் குழந்தைகளோடு அந்தப் பக்கம் போய் வாருங்கள்.

இனி அந்த 1க்கு 3 கணக்கு. வெளியே மைனஸ் 10, உள்ளே 21 என்றால் ஏற்ற வேண்டியது 31 டிகிரி. உள்வெப்பநிலையை மைனஸ் 273இலிருந்து எண்ணி (294), அதை வித்தியாசத்தால் வகுத்தால், குறையே இல்லாத இயந்திரம் தரக்கூடிய மடங்கு வரும்: 294ஐ 31ஆல் வகுக்க, 9.5. பிரெஞ்சுப் பொறியாளர் கார்னோ 1824இல் போட்ட அடித்தளத்திலிருந்து வரும் கணக்கு இது, யாராலும் இதைத் தாண்ட முடியாது. ஆனால் நம் காயில் மைனஸ் 20க்கும் 40க்கும் இடையில் வேலை செய்கிறது, வித்தியாசம் 60. 313ஐ 60ஆல் வகுத்தால் 5.2. அதிலும் உராய்வு, மோட்டார் இழப்பு, ஃபேன், வால்வில் வீணாவது எல்லாம் போக ஏறக்குறைய பாதிதான் கைக்கு வரும். 2.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே பிளஸ் 7 இருந்தால் இதே இயந்திரம் 4 தரும். மைனஸ் 20, 25இல் 2க்கும் கீழே இறங்கலாம். ஆகவே 3 என்பது பொய் இல்லை, பருவம் முழுவதற்குமான சராசரி மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். கடும் குளிரில் வீட்டுக்கு வெப்பம் அதிகம் வேண்டியிருக்கும்போதுதான் இயந்திரத்தின் திறனும் இறங்கும், அதனால் பழைய விறகடுப்பையோ சுவர் ஹீட்டரையோ கழற்றிப் போட்டுவிடாதீர்கள்.

31 டிகிரி வேலை 60 டிகிரி வேலையாக மாறியது காயில்களால்தான் என்பதைக் கவனித்தீர்களா? இதில் உங்கள் கையில் இருப்பது நிறைய. உள்பெட்டியின் ஃபில்டரில் தூசி அடைத்தால் காற்று குறையும். வெப்பத்தை விட முடியாமல் கேஸ் 40க்குப் பதில் 48இல் திரவமாகும், கரண்ட் கூடும். ஒரு டிகிரி வித்தியாசம் கூடினால் செலவு 2, 3 சதவீதம் கூடும் என்பது நாங்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவுங்கள். சத்தம் தொந்தரவு இல்லாத அளவுக்கு ஃபேனை வேகமாகவே வையுங்கள். சத்தத்துக்குப் பயந்து குறைத்து வைப்பவர்கள்தான் அதிகம். உள்பெட்டிக்கு எதிரே அலமாரியோ திரையோ வேண்டாம்.

வெளிப்பெட்டிக்கும் இதே கதைதான். எங்கள் பக்கம் ஒரு மாணவர் விடுதியில் குளிக்க வெந்நீருக்கு ஹீட் பம்ப் வைத்தோம். 100 லிட்டரை 27இலிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற ஹீட்டர் வைத்தால் 3.3 யூனிட் வேண்டும், ஹீட் பம்புக்கு 1 யூனிட்டுக்குப் பக்கத்தில் போதும். கோவைச் சூட்டில் மிச்சம் நன்றாகவே தெரியும். ஆனால் இரண்டே மாதத்தில் வெந்நீர் போதவில்லை என்று புகார். போய்ப் பார்த்தால், மழை படக்கூடாது என்று அக்கறையாக அதைச் சுற்றித் தகரக் கொட்டகை போட்டு நாலு பக்கமும் அடைத்திருந்தார்கள். இயந்திரம் தான் குளிர வைத்த காற்றையே திரும்பத் திரும்ப உறிஞ்சிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் எனக்கே குளிரெடுத்தது. இரண்டு பக்கத் தகரத்தைக் கழற்றியதும் சரியாகிவிட்டது. வைக்கும்போதே இதை நான் எழுதிக்கொடுத்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். உங்கள் வீட்டிலும் பனியிலிருந்து காக்க மேலே கூரை போடலாம், முன்னும் பின்னும் அடைக்கக் கூடாது. பெட்டி தரையிலிருந்து பனி குவியும் உயரத்துக்கு மேலே, ஸ்டாண்டில் நிற்க வேண்டும்.

கேஸ் பற்றி ஒரு வார்த்தை. இது எரிந்து தீரும் பொருள் இல்லை. கசிவு இல்லாவிட்டால் இயந்திரத்தின் ஆயுள் முழுக்க அதே கேஸ்தான். "வருடா வருடம் டாப்-அப்" என்று யாராவது சொன்னால் கசிவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கசிந்தால் காற்றுமண்டலத்துக்கும் கேடு: கொஞ்சம் பழைய இயந்திரங்களில் இருக்கும் ஆர்-410ஏ கேஸ் ஒரு கிலோ, புவியைச் சூடாக்குவதில் 2,088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம், ஆர்-32 என்றால் 675 கிலோ. புரோப்பேனுக்கு இது மிகச் சொற்பம், ஆனால் தீப்பிடிக்கும் என்பதால் எவ்வளவு நிரப்பலாம் என்பதற்கு வரம்பு உண்டு. புதிதாக மாட்டும்போது வேக்கம் பம்ப் வைத்துக் குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் முழுக்க எடுக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அவசரத்தில் அதை விட்டுவிட்டால் ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, இரண்டு மூன்று வருடத்தில் கம்ப்ரஸரைத் தின்றுவிடும்.

கடைசியாகப் புகை. வெளிக்காயில் எப்போதும் காற்றைவிடக் குளிராக இருப்பதால் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் உறைபனியாகப் படியும், கல்யாண வீட்டுச் சிலிண்டரில் படிந்த மாதிரி. பனி மூடினால் காற்று போகாது. அப்போது இயந்திரம் ஃபோர்வே வால்வைத் திருப்பி, சில நிமிடங்கள் வீட்டிலிருந்து வெப்பத்தை எடுத்து வெளிக்காயிலுக்கு அனுப்புகிறது. அப்போது 'புஸ்' என்று ஒரு சத்தம் கேட்டால், அது வால்வு நகர்வது. இரண்டு ஃபேனும் நிற்கும், பனி உருகும், ஈரக் காயிலிலிருந்து நீராவி கிளம்பும். நீங்கள் பார்த்த புகை அதுதான். கடும் குளிரைவிட, பிளஸ் 2, 3 டிகிரியில் மூடுபனி இருக்கும் நாட்களில்தான் இது அடிக்கடி நடக்கும். மைனஸ் 15 காற்று வறண்டது, உறைவதற்கு அதில் ஈரம் குறைவு.

ஈரமான நாளில் முக்கால் மணி, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஐந்து பத்து நிமிடம் இப்படி நடந்து, முடிந்ததும் காயில் சுத்தமாகத் தெரிந்தால் கவலை வேண்டாம். முடிந்த பிறகும் காயிலின் கீழ்ப்பகுதியில் பனிக்கட்டி பாளமாக நிற்கிறது, நாளுக்கு நாள் மேலே ஏறுகிறது என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். உருகிய தண்ணீர் வடியும் தட்டு அடைத்திருக்கலாம், அந்தத் தட்டின் ஹீட்டர் போயிருக்கலாம், வெப்பநிலை சென்சார் தவறாகக் காட்டலாம், இல்லை கேஸ் குறைந்திருக்கலாம். அவர் வரும்வரை கத்தி, ஸ்க்ரூடிரைவர் வைத்துப் பனியைக் குத்தி எடுக்க வேண்டாம். காயில் தகடுகளுக்குப் பின்னால் இருக்கும் குழாய் ரொம்ப மெல்லியது.